சாப்பிடுகிறவன் முகம்

"இந்தப் படத்தில் உண்மை இருக்கிறது" என்று விளம்பரக்காரன் எவனாவது சொன்னால் நான் உடனே உஷாராகிவிடுவேன். அவன் அப்படிச் சொன்னால் யார் வீட்டுப் பொருளோ களவு போகப்போகிறது என்று அர்த்தம். லிமாவில் முப்பது வருஷமாகச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். பியர் நுரை அடங்காமலிருக்கச் சோப்புத் தூள் போட்டிருக்கிறேன். பாதி வெந்த கோழிக்குச் சாயம் தடவி எண்ணெய் பூசியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கோழி பார்க்கிறவன் கண்ணுக்குக் கோழியாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் கூலி. பொய் என்று இரண்டு பக்கமும் தெரிந்து சொல்கிற பொய் அது. உண்மை, ஆன்மா, கதை என்று பினாத்துகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

என் கூட்டாளி ரோமுலோ, வடிவமைப்பாளன். சுர்க்கீயோ வட்டாரத்தில் ஒரு மெக்கானிக் பட்டறைக்கு மேலே இருபது வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம். நான் படம் எடுப்பேன், அவன் அதை விளம்பரப் பலகையிலும் பொட்டலத்திலும் உட்கார வைப்பான். அவன் என்னைக் குள்ளச்சி என்பான், நான் அவனை எருமை என்பேன். எங்களுக்குள் காதல் கத்திரிக்காய் எதுவும் கிடையாது, அதனாலேயே இத்தனை நாள் ஒத்துப்போனது. எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்று தெரிந்தவன் அவன். வாடிக்கையாளர்களுக்கு அது ஆகவே ஆகாது. காலி இடத்தைப் பார்த்தால், வாடகை கொடுக்கிற வீட்டில் ஓர் அறை பூட்டிக் கிடப்பதைப்போல அவர்களுக்கு வயிறு எரியும். "இங்க சும்மாதான கிடக்கு, பேரப் பெருசு பண்ணிடலாமே" என்பார்கள். எங்கள் பாதி ஆயுள் அந்தக் காலி இடத்துக்காகச் சண்டை போட்டே போனது.

அந்த மிளகாய்ச் சாந்துக் கம்பெனியின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம்தான். கோடைக்குப் புது பாட்டில் இறக்குகிறார்கள், தெற்கு நெடுஞ்சாலையில் பெரிய பலகைகள் வைக்க வேண்டும் என்று வந்தார்கள். எங்கள் ஊரில் டிசம்பரில்தான் கோடை பிறக்கும். பிறந்தால் லிமாவின் காசுள்ள ஜனம் முழுக்க அந்தச் சாலையில்தான் கடற்கரை வீடுகளுக்குப் போகும். அவர்கள் கண்ணில் படுவதற்கென்றே சாலையின் இரண்டு பக்கமும் பலகைகள் முளைக்கும்.

ரோமுலோ மாதிரித் தாளைத் தயார் செய்தான். படம் எடுக்க இன்னும் நாள் இருந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் படம் வரவேண்டிய இடத்தில் சும்மா ஏதாவது ஒன்றை ஒட்டிவைப்பது எங்கள் வழக்கம். கட்டம் காலியாக இருந்தால் முதலாளிகளுக்குக் கற்பனை ஓடாது. ஆனால் ஒட்டுகிற படம் சுமாராகத்தான் இருக்க வேண்டும். நல்லதை ஒட்டிவிட்டால் அவன் அதன்மேலேயே மனசை வைத்துவிடுவான், அப்புறம் நீ தலைகீழாக நின்று எடுத்தாலும் திருப்தி வராது. இது இந்தத் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். அந்த எருமை அவசரத்தில் எங்கள் பொது ஹார்டு டிஸ்க்கைத் துழாவி, என் சொந்தப் படங்களிலிருந்து லிசாந்த்ரோவை எடுத்து ஒட்டிவிட்டான்.

லிசாந்த்ரோ என் தம்பி. ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்ற வருஷத்தில், நாங்கள் வரிசையில் நிற்கும்போதே போய்விட்டவன். அதற்கு முந்தின குளிர்காலத்தில், லூரினில் ஒரு சாலையோரக் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எடுத்த படம் அது. பொரித்த பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் மீசையைப் பற்றி நான் ஏதோ அசிங்கமாகச் சொன்னேன். வாய் நிறைய ரொட்டியோடு சிரித்துவிட்டான். கண் மூடியிருக்கிறது, பல்லிடுக்கு தெரிகிறது, மிளகாய்ச் சாந்து விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வழிகிறது. எங்கள் அம்மாவின் அகல மூக்கு, மலைநாட்டுக் கறுப்பு. வானம் வழக்கம்போலக் கழுதை வயிற்று நிறத்தில் இருந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தை எந்த விளக்கை வைத்தும் ஸ்டூடியோவில் வரவழைக்க முடியாது. மற்ற எல்லாப் படத்திலும் அடையாள அட்டைக்கு நிற்பதைப்போல விறைத்து நிற்பான். அவன் சிரிக்கிற படம் இது ஒன்றுதான்.

கம்பெனியின் விளம்பரத் தலைவன் ஃபப்ரீசியோ. சாக்ஸ் இல்லாமல் ஷூ போடுகிற இனம். என் பெயர் ஐதே. அவன் வாயில் அது ஐதேசீட்டா. பெயருக்கு வால் ஒட்டிக் கொஞ்சினால் நான் கூலியைக் குறைத்துக்கொள்வேன் என்று நினைப்பு. தாளைத் திறந்ததும் அவன் பாட்டிலைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை, நேரே லிசாந்த்ரோவின் மேல் விரலை வைத்தான்.

"யாரு இது?"

"சும்மா ஒட்டினது" என்றான் ரோமுலோ. அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

"சும்மாவா? இதுதான்யா வேணும். இதுல உண்மை இருக்கு. எனக்கு இப்பவே பசிக்குது."

"என் தம்பி" என்றேன். "செத்துட்டான். விக்கிறதுக்கு இல்ல."

ஃபப்ரீசியோ நெஞ்சில் கையை வைத்தான். நாலு மூச்சு விடும் நேரம் துக்கம் காத்தான். "மன்னிச்சுக்கோ ஐதேசீட்டா. அப்ப ஒண்ணு பண்ணு. இதே மாதிரி எடுத்துக் குடுத்துடு."

இதே மாதிரி. என்னைக் கேட்டால் ஆத்தாளைப் பழிக்கிற வசவைவிட மோசமான வார்த்தை அது. இவர்களுக்குப் படம் என்றால் திருட்டு உதிரிபாகச் சந்தை. அங்கே ஒரு கண்ணாடி, இங்கே ஒரு பம்பர், கழற்றி மாட்டினால் வண்டி ஓடும் என்று நம்புகிறார்கள். ஒரு படத்தில் வெளிச்சமும் வாயும் கையும் பசியும் ஒரே நேரத்தில் ஒன்றாகப் பிறக்கின்றன. பிரித்தால் எதுவுமே மிஞ்சாது. இதை நான் சொன்னால், "கலைஞி பேசறா" என்று சிரிப்பார்கள்.

இருந்தும் எடுத்தோம். நடிகன் ஒருத்தனைப் பிடித்து வந்தார்கள், பன்றிக்கறி தொடமாட்டானாம். ரொட்டிக்குள் காளானை அடைத்து, பல்குத்தும் குச்சியால் தைத்து, சாந்து வழியாமல் வழிவதற்காகக் கிளிசரின் கலந்தோம். ஒவ்வொரு கடிக்கும் பக்கத்தில் வைத்திருந்த வாளியில் துப்பினான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், அன்றைக்கென்னவோ வாளிப் பக்கம் திரும்பாமலே படம் எடுத்தேன். ஃபப்ரீசியோ படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் சாப்பிட்டவன் மாதிரி இல்லையே."

"சாப்பிடல, அதான்" என்றேன்.

வேலை கையைவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன். போகட்டும், சனியன் ஒழிந்தது என்றுகூடத் தோன்றியது. ரோமுலோ சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் மிர்த்தாவிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

மிர்த்தா என் தம்பி மனைவி. அவன் அந்தத் தெற்கு நெடுஞ்சாலையில் மினி பஸ் ஓட்டினான், அவள் அதே வண்டியில் கதவில் தொங்கிக்கொண்டு டிக்கெட் போட்டாள். குரல் அப்படி. படியேறி வரும்போதே கீழே பட்டறைக்காரர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? வேண்டாம்னுட்டேன், முடிஞ்சுபோச்சு."

"வேண்டாம்னு சொல்ல நீ யாரு? உனக்குத் தம்பின்னா எனக்குப் புருஷன்."

"அவனுங்க சாந்து விக்கிறதுக்கு அவன் மூஞ்சிதான் கிடைச்சுதா மிர்த்தா?"

"நீ விக்கலையா? விடிஞ்சா அடைஞ்சா அடுத்தவன் சாந்தத்தான விக்கிற. அதுல மட்டும் உனக்கு மானம் போகலையாக்கும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கியது.

"எத்தன வருஷம் அந்த ரோட்டுல போனோம். கோடை வந்தா பலகையப் பாத்துட்டு அவரு கேப்பாரு, 'ஏ மிர்த்தா, இதுல இருக்கிற ஒருத்தனாவது நம்ம வண்டியில ஏறியிருக்கானாடி?'ன்னு. எல்லாம் மஞ்ச முடி, நீலக் கண்ணு. இந்த நாட்டுல எங்கதான் கிடைக்குதோ அவ்வளவு பேரு. நம்ம மூஞ்சி ஒண்ணு கிடையாது. இப்ப அவரே நிக்கட்டும்க்கா. பெரிய கார்ல போறவன்லாம் அவரு சாப்பிடுறத அண்ணாந்து பாத்துக்கிட்டே போகட்டும். வீட்டுச் சுவத்துல மாட்டினா நீயும் நானும்தான் பாப்போம். எனக்கு அவரு அங்க வேணும்."

ஃபப்ரீசியோவிடம் போனேன். ஒரே ஒரு நிபந்தனை, முகத்தைத் தொடக்கூடாது என்றேன். ஒரு மருவைக்கூட எடுக்கக்கூடாது, ஒரு துளி வெளுக்கக்கூடாது.

"முகமா? முகந்தானே இந்த விளம்பரமே" என்றான். மறுபடியும் நெஞ்சில் கை.

இவர்களோடு இத்தனை காலம் குப்பை கொட்டியவள் நம்பலாமா? நம்பினேன். மிர்த்தா கேட்டுவிட்டாள், எனக்கும் நம்ப வேண்டியிருந்தது. தூசியைத் தவிர எதையும் தொடாமல் படத்தை நானே தயார் செய்தேன். ரோமுலோ இடது பக்கம் முழுக்கக் காலியாக விட்டான். வெறும் சாம்பல் வானம், இந்தப் பக்கம் லிசாந்த்ரோ, கீழ் மூலையில் பாட்டிலும் பெயரும் சின்னதாக. வாசகம் ஒன்றுகூட இல்லை. அச்சடித்த மாதிரியை மேஜையில் விரித்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குள்ளச்சி, இதுக்காகத்தான் இவ்வளவு நாளும் சோப்பு நுரை எடுத்தோம் போலிருக்கு" என்றான்.

அந்த எருமையின் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். கூலிக்குச் செய்த வேலையில் வெட்கப்படாமல் காட்டக்கூடியது என்று எங்களிடம் அது ஒன்றே ஒன்று இருந்தது.

நவம்பர் கடைசியில் ரோமுலோ விடுமுறை என்று சொல்லி வருவதை நிறுத்தினான். போன் போட்டால் எடுக்கவில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

பலகைகள் ஏறிவிட்டன என்று கம்பெனியிலிருந்து சேதி வந்த ஞாயிறு, மிர்த்தா உறவு ஜனம் மொத்தத்தையும் திரட்டிவிட்டாள். லிசாந்த்ரோவின் தோழன் எதில்பெர்த்தோ தன் மினி பஸ்ஸைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினான். பியர், அவித்த சோளம், சோளமாவை வாழையிலையில் கட்டி அவித்த தமால் என்று ஆளுக்கொரு மூட்டை. எங்கள் சித்தி தெயோதோரா, கண்ணில் புரை விழுந்தவள், பெட்டியிலிருந்து நல்ல சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

"பூ வாங்கலையாடி?" என்றாள் சித்தி.

"பலகைக்குப் பூ வைக்கணும்னா கிரேன்தான் வேணும் சித்தி" என்றான் எதில்பெர்த்தோ.

"உன்னத் தூக்கி நிறுத்தினா எட்டும். சும்மாதான வளந்திருக்க."

மிர்த்தா உட்காரவே இல்லை. பழையபடி கதவில் தொங்கிக்கொண்டு, "ஏறு ஏறு ஏறு, லூரின், புக்குசானா, உள்ள தள்ளி நில்லு, நடுவுல இடம் கிடக்கு" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டாள். லிசாந்த்ரோ போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் மனசு லேசாக இருந்தது.

லூரினைத் தாண்டி, சாலை கடல் பக்கம் திரும்புகிற இடத்தில் வெளிச்சத்தைத்தான் முதலில் கண்டேன். என் சாம்பல் வெளிச்சம். அப்புறம் சட்டைக் காலரைக் கண்டேன், ரொட்டியைக் கண்டேன், மணிக்கட்டில் வழிகிற சாந்தைக் கண்டேன். லிசாந்த்ரோவின் கை. கழுத்துக்கு மேலே வேறு ஒருத்தன் இருந்தான். தேன் நிற முடி, அளவாக வளர்த்த தாடி, வரிசைப் பல். கண்ணை மூடி அழகாகச் சிரித்தான். அவனுக்குப் பொருந்துவதற்காகத் தம்பியின் கையையும் வெளுத்திருந்தார்கள். காலி இடம் முழுக்கக் கம்பெனிப் பெயர், ஆள் உயரத்துக்கு. கழுத்தில் ஒட்டின இடம் தெரியவே இல்லை. இந்த ஊரில் அவ்வளவு சுத்தமாகக் கழுத்தை ஒட்டுகிறவன் ஒருத்தன்தான்.

எதில்பெர்த்தோ வண்டியை ஓரம் கட்டினான். மிர்த்தா கதவுக் கம்பியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி? எங்க?" என்று சித்தி தடவித் தடவி இறங்கினாள். யாரோ கையைப் பிடித்துப் பலகைப் பக்கம் திருப்பினார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "அட, நம்ம லிசாந்த்ரோ. அந்தச் சட்டை நான் வாங்கிக் குடுத்ததுல்ல. எவ்வளவு வெள்ளையா, லட்சணமா காட்டியிருக்கான் பாரு. துரை கணக்கா இருக்கான் என் பிள்ள." நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐதே, நீதானடி எடுத்த? உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

நான் பஸ்ஸுக்குப் பின்னால் போய் ரோமுலோவுக்குப் போன் போட்டேன். எடுத்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்தான்.

"நான் மாட்டேன்னா வேற எவனாவது செஞ்சிருப்பான் குள்ளச்சி. கன்னாபின்னான்னு வெட்டியிருப்பான். நான் செஞ்சதால வெளிச்சமாவது தப்பிச்சுது."

"எதுக்குடா? அந்த ஃபப்ரீசியோவுக்குத்தான் பசிச்சுதே. உண்மை இருக்குன்னானே."

"ஜனங்ககிட்ட காட்டிக் கேட்டாங்களாம். பலகை ஏத்துறதுக்கு முன்னால எல்லாரும் கேக்குறதுதான். 'இவன் பரிமாறுறவன் மாதிரி இருக்கான், சாப்பிடுறவன் மாதிரி இல்ல'ன்னாங்களாம். பாக்குறவனுக்கு ஏக்கம் வரணுமாம். இந்த மூஞ்சியப் பாத்தா வராதாம்."

"யாருகிட்ட கேட்டானுங்க? கடற்கரை வீட்டுக்காரங்ககிட்டயா?"

அவன் பேச்சை மாற்றப் பார்த்தான்.

"சொல்லித் தொலைடா."

"இல்ல. கோமாஸ்ல, சான் ஹுவான்ல. நம்ம ஆளுங்ககிட்டதான் கேட்டாங்க ஐதே."

இருபது வருஷத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. காலி இடத்துக்காக அவனோடு சேர்ந்து போட்ட சண்டையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது, எல்லாமே நாறியது. காறித் துப்பினேன்.

திரும்பினால் மிர்த்தா நிற்கிறாள்.

"யாரு செஞ்சது?"

"ரோமுலோ."

"உனக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"தெரியாது." அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "இவனுங்களோடயே கிடந்து நரைச்சவ நீ. உனக்குத் தெரியாது. டிக்கெட் போட்ட எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

"மிர்த்தா, நாளைக்கே போய் அவன் சட்டையப் பிடிச்சு..."

"பிடிச்சு? தலையக் கழட்டி வாங்கிட்டு வருவியா?" பலகையை ஒரு தரம் பார்த்தாள். "சித்தி சந்தோஷமா இருக்கா. சாகிற வரைக்கும் இதத்தான் சொல்லிட்டிருப்பா. அவகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சிருக்கேன். வந்து எடு."

"என்னத்த எடுக்க?"

"படம். அதுக்குத்தான வந்தோம்."

"என்னால முடியாதும்மா."

"முடியும். இவனுங்களுக்கு எடுக்கிற மாதிரியே எடு. பாக்குறவங்களுக்கு நாங்க சந்தோஷமா இருக்கிற மாதிரி தெரியணும். அது உனக்கு நல்லா வருமே."

காமிராவை எடுத்துக்கொண்டு போனேன். பலகைக்குக் கீழே மணலில் நின்றார்கள். சித்தியை நடுவில் விட்டேன். எதில்பெர்த்தோவைத் தொப்பியைக் கழற்றச் சொன்னேன், வெயிலில் அவன் முகத்தில் நிழல் விழுந்தது. உயரமானவர்களைப் பின்னால் அனுப்பினேன். மிர்த்தாவை அரை அடி இடது பக்கம் நகரச் சொன்னேன், சொன்னபடி நகர்ந்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "சிரிங்க" என்றேன்.

மிர்த்தா சிரித்தாள். எத்தனையோ பேரைக் கூலி கொடுத்துச் சிரிக்க வைத்திருக்கிறேன், ஒரு சிரிப்புக்கு நாள் முழுக்க மெனக்கெட்டிருக்கிறேன். அவளை இன்னொரு தரம் சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.